கேஜுக்கு மேலே இரண்டு விரற்கடை

அன்று முனிரத்தினம் பாத்திரக் கடையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து நீ சொல்வது பொய் என்று சொல்ல இடம் வைக்கக் கூடாது. கடை முதலாளி முனிரத்தினம், கல்லாவில். அவர் மகன் சேகர், கல்லாவுக்குப் பக்கத்தில். அதே தெருவில் டிரெடில் மெஷினில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அந்தோணி, தன் கூலியை வாங்கிப் போக வந்தவர். பூதிகோட்டையிலிருந்து அண்டா வாங்க வந்த ஒரு விவசாயி; பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. சுரங்கத்தில் வேலை பார்க்கிறவரின் மனைவி ராஜம்மா. அப்புறம் நான். வேறு யாரும் இல்லை.

கோலார் தங்கவயலுக்கு நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, குடியாத்தத்தில் மரப்பலகையில் படம் செதுக்கிக் கையால் அச்செடுத்து விற்கிறவன் நான். என் அக்கா வள்ளியைத் தங்கவயலில் கொடுத்திருக்கிறோம். மாமாவுக்கு அங்கே மண் அள்ளும் இயந்திரங்கள் செய்கிற தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. அவர்கள் வீட்டில் மாட்டியிருந்த என் படம் ஒன்றைப் பார்த்துத்தான் முனிரத்தினம் ஆள் அனுப்பினார். கடைக்கு ஐம்பதாவது வருஷம். எல்லோரும் சிவகாசி காலண்டர் கொடுக்கிறார்கள், தான் வேறு மாதிரி கொடுக்க வேண்டும், கையால் போட்ட படம் நூறு வேண்டும் என்றார். படத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். சுரங்கத்துக் குழியான ஷாஃப்டுக்கு மேலே நிற்கிற பெரிய ராட்டினம், அதிலிருந்து தொங்குகிற கேஜ், கேஜுக்குள் ஷிஃப்டு முடிந்து ஏறி வந்த ஆட்கள். கேஜ் என்றால் ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டு. அந்த ஊரில் யாரும் கூண்டு என்று சொல்வதில்லை.

கடம்பப் பலகையில் அதைச் செதுக்க எனக்கு மூன்று மாசம் ஆனது. எது கறுப்பாக விழ வேண்டுமோ அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற மரத்தையெல்லாம் உளியால் எடுத்துவிட வேண்டும். ஆட்களின் முகம் கூடச் சுலபம். ராட்டினத்திலிருந்து கேஜின் தலைக்கு இறங்குகிற கம்பிக் கயிறுதான் உயிரை வாங்கியது. இரண்டு பக்கமும் மரத்தைச் சீவி, நடுவில் ஒரு நூல் தடிமனுக்கு மட்டும் நிற்க வைக்க வேண்டும். உளி ஒரு தடவை வழுக்கினால் மூன்று மாசமும் போச்சு. அந்தக் கோட்டை வெட்டிய நாட்களில் கை நடுங்கக் கூடாது என்று காபியை விட்டிருந்தேன். என் மனைவி, காபியை விட்டதால்தான் இப்படி எரிந்து விழுகிறேன் என்றாள்.

ரயிலில் பலகையைக் கம்பளியில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தேன். வெயில் பட்டால் வெடிக்கும், மழை பட்டால் உப்பும், கீழே வைத்தால் யாராவது மிதிப்பார்கள், மேலே வைத்தால் யாராவது இறங்கும்போது எடுத்துக்கொண்டு போவார்கள். டிக்கெட் பரிசோதகர் வந்து உள்ளே என்ன குழந்தையா என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கம்பளியைப் பிரித்துக் காட்டினேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, கேஜில் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு, இவர்களுக்கெல்லாம் டிக்கெட் எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தப் பிரயாணத்தில் நான் சிரித்தது அப்போது மட்டும்தான்.

பலகைமேல் வைத்த கண்ணைப் பையின்மேல் வைக்கவில்லை. என் தேய்ப்பு ஓடு பையின் வாயில் இருந்தது. பலகையில் மை தடவி, அதன்மேல் காகிதத்தைப் போட்டு, காகிதத்தின் முதுகைத் தேய்த்துத்தான் படத்தை எடுக்க வேண்டும். தேய்க்க நான் வைத்திருப்பது பாதிக் கொட்டாங்குச்சி. பதினைந்து வருஷமாக என் உள்ளங்கை பட்டுக் கண்ணாடி மாதிரி ஆனது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் இடத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று வேர்க்கடலைத் தோலோடு அதையும் எடுத்து ஜன்னல் வழியாக வீசிவிட்டார். நான் எழுந்து நின்றுவிட்டேன். "இன்னா தம்பி, ஒடஞ்ச கொட்டாங்குச்சி தான," என்றார். சங்கிலியைப் பிடித்து இழுக்கலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். அபராதம் நினைவுக்கு வந்து உட்கார்ந்தேன்.

பங்காருபேட்டையில் இறங்கியபோது தங்கவயல் போகிற வண்டி கிளம்பிவிட்டிருந்தது. ஆத்திரத்தில் பசி எடுத்தது. ஸ்டேஷனுக்கு வெளியே பானிபூரி சாப்பிட்டேன். எங்கள் ஊரில் பச்சையாகக் கலக்கித் தருவார்கள். இங்கே குழாய்த் தண்ணீர் மாதிரி வெள்ளையாக இருந்தது. வெறும் தண்ணீரை ஊற்றி ஏமாற்றுகிறானே என்று வாயில் போட்டேன், காதுவரை எரிந்தது. கண்ணில் தண்ணீரோடு டெம்போவில் ஏறினேன். இரண்டு ஆடுகளும் ஏறின. ஒன்று என் கம்பளியை மெல்லத் தொடங்கியது. தங்கவயல் வரும்வரை அதன் வாயைக் கையால் பிடித்துக்கொண்டே வந்தேன்.

ஊர் குளிர்ச்சியாக இருந்தது. குடியாத்தத்தில் அந்த நேரத்தில் தீப்பெட்டிக் குச்சி தானாகப் பற்றிக்கொள்ளும். இங்கே முனிரத்தினம் ஸ்வெட்டர் போட்டிருந்தார். தேய்ப்பு ஓடு போன கதையைச் சொன்னதும் பெரிதாகச் சிரித்தார். தன் கடையில் இல்லாத கரண்டியா என்று பித்தளை, வெண்கலம், எவர்சில்வர் என்று ஒரு வரிசை எடுத்துப் பரப்பினார். உலோகம் ஆகாது. விளிம்பு ஈரக் காகிதத்தைக் கீறிவிடும் என்றேன். "கரண்டி கீறுனா உலகத்துல யாரும் சோறு துன்ன முடியாது தாமு," என்றார்.

எதிர் ஓட்டலில் சட்னிக்கு உடைத்த தேங்காயின் ஓடு ஒன்றைக் கேட்டு வாங்கி அந்த நாள் முழுதும் தேய்த்தேன். முதலில் மணல், அப்புறம் உப்புத்தாள், அப்புறம் எண்ணெயும் துணியும். கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பேன். கன்னத்தில் உறுத்தாதது காகிதத்தில் உறுத்தாது. கடைக்கு வந்தவர்கள் எல்லோரும், ஒருவன் சுவரோரம் உட்கார்ந்து கொட்டாங்குச்சியால் கன்னத்தைத் தேய்ப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் முனிரத்தினம் வந்து எத்தனை படம் ஆனது என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அவர் முகம் மாறியதைக் கவனித்தேன்.

மறுநாள் கடை வாசலில் உட்காரச் சொன்னார். ஜனங்கள் பார்க்க வேண்டுமாம். முந்தின இரவே காகிதத்தை ஈரத் துணிக்குள் அடுக்கி வைத்திருந்தேன். சரியான ஈரம் என்றால் காகிதத்தை ஆட்டினால் சத்தம் வரக் கூடாது, விரல் வைத்தால் ஒட்டக் கூடாது. மையை உருளையால் மெல்லிசாகத் தடவி, காகிதத்தை இறக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்கத் தொடங்கினேன். வானத்துக்கு லேசான கை. ராட்டினத்துக்கு அழுத்தம். கயிற்றின்மேல் கொட்டாங்குச்சியைப் பட விடுவதே இல்லை, நகத்தின் பின்பக்கத்தால் ஒரே இழுப்பு. ஒரு படத்துக்கு அரை மணி நேரம். கூட்டம் முதல் படத்துக்குக் கை தட்டியது, இரண்டாவதைப் பார்த்தது, மூன்றாவதுக்குள் கலைந்துவிட்டது.

பதினோரு மணிக்குக் காற்று எழுந்தது. அந்த ஊரில் தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மண்ணை மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். சைனைட் டம்ப் என்பார்கள். காற்றடித்தால் அந்த வெள்ளைத் தூள் ஊர்மேல் பறக்கிறது. காயப் போட்டிருந்த படங்களின் ஈர மையில் ஒட்டி, கறுப்பெல்லாம் நரைத்துப் போனது. பலகையிலும் விழுந்தது. பல் தேய்க்கிற பிரஷ்ஷால் ஒவ்வொரு பள்ளமாகத் துடைத்தேன். தெருவில் ஒருவரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோற்றுப் பானையை மூடி வைப்பது போல முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வியாபாரத்தைப் பார்த்தார்கள். நூறு வருஷமாக இந்தத் தூளைத் தின்கிறவர்களுக்கு இல்லாத கோபம் எனக்கு வந்தது.

மூன்றாம் நாள் பின்கட்டில், அண்டாக்களுக்கு நடுவே இடம் பிடித்தேன். கை பழகிவிட்டது. நல்ல படம் பத்து வந்தது. கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். முனிரத்தினம் கொடியை ஒருமுறை பார்த்தார், சுவரில் இருந்த சிவகாசி காலண்டரில் விழா தேதியை ஒருமுறை பார்த்தார். சேகர்தான் அந்தோணியின் டிரெடில் மெஷின் பேச்சை எடுத்தான். ஒரு மணி நேரத்தில் அத்தனையும் முடிந்துவிடும் என்றான். நான் உட்கார வைத்துச் சொன்னேன். மெஷினில் ஓடுகிற கட்டை, ஈய அச்செழுத்தின் உயரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும், என் பலகை அந்த உயரம் இல்லை. கீழே அட்டை கொடுத்து உயர்த்தினால் எங்காவது மேடாகும், மேடான இடத்தில் மொத்த அழுத்தமும் இறங்கும். கைக்குத் தெரியும் எங்கே மெலிசு என்று, மெஷினுக்குத் தெரியாது. தேதிக்குள் முடித்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். முனிரத்தினமும் ஆட்டினார். கொஞ்சம் முன்பணம் கொடுத்தார்.

அடுத்த நாள் அக்கா சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். நான்கு நாளாக ஊரில் இருந்துகொண்டு அவள் வீட்டில் கை நனைக்கவில்லை என்று ஒரே கோபம். காலையில் இரண்டு படம் எடுத்துவிட்டு, பலகையைத் துடைத்து, கம்பளி போர்த்தி, மேல் அலமாரியில் வைத்தேன். கூரை ஓடு ஒழுகுமா என்று அண்ணாந்து பார்த்தேன். கறையான் இருக்கிறதா என்று அலமாரியைத் தட்டினேன். பூனை வரும் ஜன்னலைச் சாத்தினேன். மனிதரைப் பற்றி யோசிக்கவில்லை.

அக்கா வீடு மைசூர் மைன்ஸ் பக்கம். ராகிக் களியும் ஆட்டுக்கறிக் குழம்பும். எங்கள் ஊர்க் களி உருண்டையாக நிற்காது. இவளுடையது தட்டில் போட்டால் துள்ளியது. மாமா சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்ற பேச்சைச் சொன்னார். அடுத்த வீட்டுக்காரர்கள் கன்னடத்தில் ஏதோ சண்டை போட்டார்கள். பாதி புரிந்தது, மீதியை அக்கா சொன்னாள். சுரங்கம் மூடினால் பெங்களூர் போகலாம் என்கிறாளாம் மனைவி. முதலில் சைக்கிளுக்குக் காற்றடிக்கக் காசு கொடு, அப்புறம் பெங்களூர் என்கிறானாம் புருஷன். நான் பலகை, பலகை என்று எழுந்துகொண்டே இருந்தேன். "உம் பொண்டாட்டியக்கூட இப்டி நெனச்சதில்ல நீ," என்றாள் அக்கா. திரும்பும்போது பஸ் நடு வழியில் நின்றது. டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து, போக மாட்டேன் என்கிறது என்று சொல்லி எங்களை இறக்கிவிட்டார். மீதி வழியை நடந்தேன்.

கடைக்குள் நுழையும்போதே மை வாடை முகத்தில் அடித்தது. என் மை இல்லை, மெஷின் மை. நனைத்து வைத்தது, நனைக்காதது என்று நான் கொண்டுபோன காகிதம் அத்தனையும் அச்சாகி, ஒரு வெண்கல உருளியின் கனத்துக்குக் கீழே கட்டாக இருந்தது. ஈரத்தோடு அடுக்கியதால் ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டியிருந்தது. பலகை தரையில், முகம் குப்புற. திருப்பினேன். எனக்குத் தெரியும் எங்கே பார்க்க வேண்டும் என்று. கேஜின் தலைக்கு மேலே இரண்டு விரற்கடை அளவுக்குக் கயிறு இல்லை. நசுங்கக்கூட இல்லை, சில்லாகப் பெயர்ந்து போயிருந்தது. நான் சொன்னபடியே, அட்டை மேடான இடம்.

நான் கத்தியது தெரு முழுக்கக் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். என்ன கத்தினேன் என்பது எனக்கு நினைவில்லை. முனிரத்தினம் கத்தவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. கூலியில் குறைக்கப் போவதில்லை, ஒரு வாரம் கை வலிக்காமல் வீட்டுக்குப் போகலாமே என்று எனக்கு நல்லது செய்தவர் போலப் பேசினார். ஒரு சின்னக் கோடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். விழாவரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று, சாயங்காலம் பாத்திரம் வாங்கினவர்களுக்கு அப்போதே கொடுக்கத் தொடங்கிவிட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை பலகையைக் கம்பளியில் கட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றேன். அந்தோணி கூலிக்கு வந்திருந்தார். அவரிடம் நான் சண்டைக்குப் போகவில்லை. சேகர் கொடுத்தான், அவர் அடித்தார். பூதிகோட்டைக்காரர் ஒவ்வொரு அண்டாவாகக் குனிந்து தட்டிக்கொண்டிருந்தார். அண்டாவோடு கொடுத்த படத்தை விரித்துப் பார்த்துவிட்டு, கிணற்று ராட்டினம் இவ்வளவு உயரமா, எத்தனை ஜோடி மாடு பூட்டுவார்கள் என்று கன்னடத்தில் கேட்டார். சேகர் சிரித்தான்.

அப்போதுதான் ராஜம்மா உள்ளே வந்தார். சுருட்டிய படத்தைத் தராசுத் தட்டில் வைத்தார். பாத்திரம் எதுவும் கேட்கவில்லை.

"இன்னா முதலாளி இது. இத்த யாராச்சும் ஊட்ல மாட்டுவாங்களா."

முனிரத்தினம் புரியாமல் என்னைப் பார்த்தார்.

"எங்க ஊட்டுக்காரரு நைட் ஷிஃப்டு முடிச்சிட்டு வந்தாரு. செவுத்துல பாத்தாரு. சோறு துன்னல. ரோப் இல்லாத கேஜுல ஏழு பேர நிக்க வச்சிக்கீறானுங்க, இத்த எடுத்துனு போயி அந்தாளு கைலயே குடுத்துட்டு வான்னாரு."

முனிரத்தினம் அவசரமாக, அம்மா, அது அச்சுத் தப்பு, வேண்டாம் என்றால் கிழித்துப் போட்டுவிடுங்கள், ஒரு டம்ளர் தருகிறேன் என்றார். ராஜம்மா அவரைப் பார்த்த பார்வையில் நான் கம்பளி மூட்டையைக் கீழே வைத்தேன்.

"கிழிக்கிறதா. உள்ள ஆளுங்க நிக்கிறாங்கய்யா. நீ கிழிப்பியா?"

பூதிகோட்டைக்காரர் தன் படத்தை மறுபடி விரித்து, கேஜுக்கு மேலே விரலை வைத்துப் பார்த்து, பிறகு சத்தமில்லாமல் சுருட்டித் தராசின் இன்னொரு தட்டில் வைத்தார்.

படத்தைச் செதுக்கினவன் யார் என்று ராஜம்மா கேட்டார். நான்தான் என்றேன். இது என் கையால் வந்தது இல்லை, மெஷினில் போட்டார்கள், கயிறு உடைந்தது அதனால்தான் என்று தொடங்கினேன். கொடியில் தொங்கிய பன்னிரண்டில் ஒன்றைக் கழற்றி இதில் கயிறு முழுசாக இருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் வாங்கவில்லை.

"அது வேற தம்பி. இத்த எங்க வைக்கிறது? மாட்டவும் முடியாது, எரிக்கவும் முடியாது. நீயே ரோப் போட்டுக் குடு."

அச்செடுத்த படத்தில் கையால் கோடு போடுவது எங்கள் வேலையில் கூடாத காரியம். பலகையில் விழாததைக் காகிதத்தில் வரைந்தால் அது அச்சு இல்லை. அதோடு, அந்தக் கடைக்கு இனி ஒரு கோடுகூடப் போடக் கூடாது என்று இரவு முழுதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ராஜம்மா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நான் பையிலிருந்து மெல்லிய பிரஷ்ஷை எடுத்தேன்.

கல்லா மேஜையில் படத்தை விரித்தேன். முனிரத்தினம் நகர்ந்து இடம் கொடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ராட்டினத்துப் பக்கத்து முனையிலிருந்து கேஜின் தலைவரை இழுத்தேன். ராஜம்மா என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "கொஞ்சம் தடிப்பா போடு," என்றார். தடிப்பாகப் போட்டேன். "இன்னும்," என்றார். மற்ற கயிற்றைவிட அந்த இரண்டு விரற்கடை பருமனாக, பார்க்க அசிங்கமாக ஆனது. அவர் தலையை ஆட்டினார். மை காயும்வரை உட்காராமல் நின்றார். கடைசியில், "மூணாவதா நிக்கிறாரே, அவரு அச்சா எங்க ஊட்டுக்காரரு மாரியே கீறாரு," என்று சொல்லி வாங்கிப் போனார். அது என் மாமாவைப் பார்த்துச் செதுக்கிய முகம். நான் பிரஷ்ஷைக் கழுவினேன்.

மத்தியானத்துக்குள் சேதி பரவிவிட்டது. படம் வாங்கிப் போனவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சண்டைக்கு வந்தவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் சும்மா நீட்டினார்கள். பூதிகோட்டைக்காரருக்கும் போட்டுக் கொடுத்தேன். எல்லோரும் தடிப்பாகத்தான் கேட்டார்கள். சாயங்காலம் சேகர் உருளிக்குக் கீழே கட்டாக இருந்த படங்களையும் கொண்டுவந்து வைத்து, அண்ணா, இதுக்கும் அப்படியே போட்டுடுங்க என்றான். முடியாது என்றேன். வீட்டுக்குப் போனதற்குத்தான் போட்டேன், உன் கட்டுக்கு இல்லை. அப்பாவும் மகனும் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்தார்கள். அக்கா வீட்டுக்கு வந்து போகிறவனுக்கு அந்த அளவு தெரியும். கொடுத்ததை அவனே சரி செய்துவிட்டான், அப்படியானால் தப்பு அவனுடையது என்று ஊரே பார்த்துவிட்டது, இனி முழுக் கூலி எதற்கு என்றார் முனிரத்தினம்.

அதையே மறுநாள் தமிழில் என்னிடம் சொன்னார். "நீயே ஒக்காந்து ரிப்பேர் பண்ணே. தப்பு ஒன்னுது இல்லன்னா ஏன் பண்ணே?" முன்பணத்தோடு சரி என்றார். பன்னிரண்டு நல்ல படத்தையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். மாமா வந்து பேசிப் பார்த்தார். கடைக்காரருக்கும் தொழிற்சாலைக்காரருக்கும் நடுவே ஆயிரம் கொடுக்கல் வாங்கல், அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. விழாவுக்குச் சிவகாசி காலண்டர் கொடுத்ததாகப் பிற்பாடு அக்கா சொன்னாள்.

வரும்போதும் பலகை மடியில்தான் இருந்தது. யாரும் என்ன குழந்தையா என்று கேட்கவில்லை. ஊருக்கு வந்ததும் கேஜுக்கு மேலே சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, அதே கடம்பில் ஒரு துண்டை இறுக்கி வைத்து, கயிற்றைத் திரும்பச் செதுக்கினேன். இந்தத் தடவை தடிப்பாகவே.

ராஜம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் கயிறு போட்டுக் கொடுத்ததற்கு நான் கூலி கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அது இந்தக் கணக்கில் சேராது. பலகைக்கும் காகிதத்துக்கும் பேசிய கூலியில் வாங்கியதைக் கழித்தது போக முனிரத்தினம் எனக்கு இன்னும் தர வேண்டியது ஆயிரத்து நானூறு ரூபாய்.